நீலக் கட்டம்

எனக்குக் குளிர் ஆகாது மேடம். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிட்டால் நிதானமாகப் பேசுவேன். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். மற்றவர்கள் அரைக்கைச் சட்டையோடு திரிகிற நாளில் நான் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டிருப்பேன். என் தங்கை அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்து வளர்ந்தவள். இப்படிப்பட்ட ஒருவன் ஒரு குளிர்காலம் முழுக்க, இன்னும் கொஞ்சம் குளிராதா என்று ஏங்கிக் கிடந்தான் என்றால் நம்புவது கஷ்டம்தான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் என் தங்கையின் கணவரை விசாரிக்கப்போகிறீர்கள். தோட்டத்துக்குள் பழ ஈ வந்ததைத் தெரிந்துகொண்டே அரசாங்கத்துக்குச் சொல்லாமல் மறைத்தார் என்பது அவர்மேல் உள்ள குற்றச்சாட்டு. நிரூபணமானால் ஜெயில். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமான அறிக்கையை எழுதியவன் நான். அதில் ஒரு வரி தவறு. ஒரு வரி என்று சொல்வதும் சரியில்லைதான், ஆனால் எங்காவது ஆரம்பிக்க வேண்டுமே.

நான் பயிர்ப் பாதுகாப்புத் துறையில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற ஒரு பூச்சி நம் நாட்டுக்குள் வந்தால் இங்கே நிலைத்துவிடுமா, நிலைத்தால் எந்தெந்த ஊரில் நிலைக்கும் என்று, அது வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை. எவ்வளவு சூட்டில் அதன் முட்டை பொரியும், எவ்வளவு குளிரில் அது சாகும் என்பதை ஒரு பக்கம் எழுதிக்கொள்வேன். முப்பது வருஷ வானிலைக் கணக்கை இன்னொரு பக்கம் வைத்துக்கொள்வேன். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் ஒரு வரைபடம் வரும். நடக்காததைப் பற்றியே பேசுகிறவன் என்பதால் அலுவலகத்தில் எனக்கு ஜோசியர் என்று பெயர். கேன்டீனில், "ஜோசியரே, இன்னைக்கு மழை வருமா, குடை எடுக்கவா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான், ஏனென்றால் அதுவரை நான் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை.

இந்த வழக்கில் வருவது வரி ஈ. முதுகில் மூன்று மஞ்சள் வரி இருக்கும். ஆரஞ்சுப் பழத்தின் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். புழு சுளையைத் தின்று கொழுக்கும், பழத்தோடு கீழே விழும், மண்ணுக்குள் இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் போய்க் கூட்டுப்புழுவாகி, குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடக்கும். மண் போதுமான அளவு குளிர்ந்தால் கிடந்தபடியே செத்துவிடும். குளிராவிட்டால் எழுந்து பறக்கும். அந்தப் போதுமான அளவு எங்கே எட்டும், எங்கே எட்டாது என்பதுதான் என் கணக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னால், வரி ஈ இருக்கிற ஒரு நாட்டிலிருந்து ஆரஞ்சுக் கன்றுகளை வேர்மண்ணோடு இறக்கலாமா என்று துறையில் கேள்வி வந்தது. நான் வரைபடம் போட்டேன். நாட்டைப் பத்துக் கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஈ பிழைக்கும் கட்டத்துக்குச் சிவப்பு, சந்தேகமான கட்டத்துக்கு மஞ்சள், பிழைக்க முடியாத கட்டத்துக்கு நீலம் அடிப்போம். ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு குளிர் எண்தான். என் தங்கை வாழ்க்கைப்பட்ட பள்ளத்தாக்கு எந்த நிறத்தில் வருகிறது என்று முதலில் பார்த்தேன். மனுஷன்தானே, நீங்களும் அதைத்தான் பார்த்திருப்பீர்கள். நீலம். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கட்டத்துக்குள் பள்ளத்தாக்கு மட்டும் இல்லை, அதன் தலைமாட்டில் இருக்கிற மலையும் இருக்கிறது. வானிலை நிலையம் இருப்பது மலைமேல். குளிர் எண் அங்கிருந்துதான் வருகிறது. வரைபடத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் பதிவேட்டைச் சரிபார்க்க மலைக்குப் போனேன். அங்கே வெப்பமானி பார்க்கிற அம்மாள் எனக்கு டீ போட்டுக்கொடுத்தார். நிலையத்து வேலியோரம் இரண்டு ஆரஞ்சு மரம் வைத்திருந்தார், காய்க்கும் ஆனால் இனிக்காது என்றார். பேச்சுவாக்கில் கேட்டார்.

"சார், இந்த நம்பர வெச்சு கீழ எங்க ஊருக்கும் சேத்தா போடறீங்க?"

"ஆமாம்மா, ஒரே கட்டம்தானே."

"நல்ல கட்டம் போங்க. நான் தினம் கீழ இருந்துதான் பஸ்ஸுல வர்றேன். கிளம்பறப்ப சால்வை கையிலதான் இருக்கும். பாதி மலை ஏறினதுக்கு அப்புறம்தான் போத்திக்குவேன். எங்க வீட்டுத் தொட்டியில தண்ணி உறைஞ்சு நான் பாத்ததே இல்ல சார்."

"கணக்குல அதெல்லாம் சரியாயிடும்மா," என்றேன்.

கணக்கில் அது சரியாகாது. எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே என் நோட்டில், 'சால்வை, பாதி மலை, கட்டம் 218' என்று எழுதியிருக்கிறேன். நோட்டு இதோ இருக்கிறது. நான் எதையும் கிழித்துப்போடுகிறவன் இல்லை. அந்தக் கட்டத்தை மஞ்சளாக்கியிருந்தால் போதும், கன்றுகள் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போயிருக்காது. இயக்குநர் அவசரப்படுத்தினார் என்று இப்போது சொல்லிவிடலாம். அவர் அவசரப்படுத்தவில்லை, மேடம். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். ஆனால் ஒரு கட்டத்தை மாற்றினால் மலையும் பள்ளமும் சேர்ந்து வரும் எல்லாக் கட்டத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். அதோடு, அந்த வரைபடம் பார்க்க அழகாக இருந்தது. வடக்கே ஒரே சீராக நீலம். அதன் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு வைக்க எனக்குக் கை வரவில்லை.

கன்றுகள் வந்தன. மாப்பிள்ளை எனக்கு போன் செய்து, "மச்சான், நம்ம தோட்டத்துக்கு அறுபது எடுக்கலாம்னு இருக்கேன், எடுக்கவா?" என்று கேட்டார். "கண்ண மூடிக்கிட்டு எடுங்க மாப்பிள்ளை," என்றேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அவர் வெறும் எதிரி நம்பர் ஒன்று. நேரில் பார்த்தால் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிற, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷர். என்மேல் அவருக்கு ஒரு மரியாதை. ஊரில் யார் இலை சுருண்டாலும் "எங்க மச்சானுக்கு ஒரு போன் போட்டாப் போச்சு" என்பார். நான் பெரிய விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பை நான் ஒரு நாளும் திருத்தவில்லை.

மூன்றாவது வருஷம், குளிர் ஆரம்பிக்கிறதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். காலில் தோட்டத்து மண் அப்படியே இருந்தது, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு மிதியடியில் நாலு தடவை தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"மச்சான், இதக் கொஞ்சம் பாருங்க. புதுக் கன்னுக்குப் பக்கத்துல இருக்கற மரம். மூணு பழம் தானா விழுந்துச்சு. உள்ள என்னமோ நெளியுது."

சமையலறை மேடையில் வைத்து ஒரு பழத்தைக் கத்தியால் பிளந்தேன். பதினாறு வருஷம் படத்தில் மட்டும் பார்த்த புழு என் கண் முன்னால் வளைந்து துள்ளியது. வரி ஈயின் புழுதான், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"பயப்படற மாதிரி ஏதாச்சுமா?"

"பாத்துட்டுச் சொல்றேன் மாப்பிள்ளை."

"நான் எதுக்கும் இருக்கட்டும்னு அந்த மரத்த வெட்டிட்டேன். பக்கத்துல இருந்த கன்னுங்களையும் பிடுங்கிட்டேன். பழம், இலை எல்லாத்தையும் எரிச்சாச்சு. அடி மண்ணத் தோண்டி அண்டா அண்டாவா வென்னீர் ஊத்தினேன். உங்க தங்கச்சி, ஒரு புழுவுக்கா இந்தப் பாடுன்னு திட்டறா. ஊரே இந்த மரத்த நம்பித்தான மச்சான் இருக்கு, நம்மளால எதுவும் வந்துடக் கூடாதுல்ல." டின்னை மூடிக்கொண்டே கேட்டார், "இது எழுதிக் குடுக்கணுமாமே? எங்க கையெழுத்துப் போடணும்?"

"அதெல்லாம் வேண்டாம். என்கிட்ட குடுத்தா ஆபீஸ்ல குடுத்த மாதிரிதான்," என்றேன்.

நான் வாழ்க்கையில் பேசிய எல்லாவற்றிலும் அதிகம் நினைத்துப் பார்த்தது இந்த வார்த்தையைத்தான். அவர் அதைக் கேட்டு நிம்மதியாகத் தலையாட்டினார். காபி குடித்தார். போகும்போது, "நல்லவேளை நீங்க இருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டின்மேல் தேதியும், 'மாப்பிள்ளை தோட்டம், மூன்று பழம்' என்றும் எழுதி ஒட்டினேன். மறுநாள் பையில் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். மாதிரிகளைப் பதிவு செய்கிற எழுத்தர் இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருப்பார். அவர் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால், ஒரு மணி நேரத்தில் என் வரைபடம் தப்பு என்று கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். மூன்று தடவை படியேறினேன். மூன்றாவது தடவை எழுத்தரே பார்த்துவிட்டு, "என்ன ஜோசியரே, யாரத் தேடறீங்க?" என்றார். "சும்மாதான்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இதுதான். ஒரு மரத்தில் மூன்று பழத்தில் வந்தது வந்ததுதான், ஆனால் வருவது வேறு, நிலைப்பது வேறு. நான் எழுதியது நிலைக்காது என்று மட்டும்தான். குளிர்காலம் வரட்டும், அது சொல்லட்டும். குளிர் அவற்றைக் கொன்றுவிட்டால் நான் சொன்னது சரி, யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆகவே குளிருக்குக் காத்திருந்தேன். வாரம் தவறாமல் தங்கையின் தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் எட்டு மண்தொட்டிகளை வைத்து, வலை போட்டு மூடி, ஒவ்வொன்றிலும் மண்ணின் குளிரை அளக்கிற சின்னக் கருவியைச் செருகியிருந்தேன். ஆராய்ச்சி என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் ஆடு மாடு வராமல் முள் வெட்டிப் போட்டு வேலி கட்டிக்கொடுத்தார். தண்ணீர் பாய்ச்சுகிறவரிடம், "மச்சான் தொட்டி, கை வெச்சீங்க தொலைச்சுடுவேன்," என்று சொல்லி வைத்திருந்தார்.

தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "வருஷத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாக்காத அண்ணன் வாரா வாரம் வந்து நிக்கறாரு. என்ன ஆச்சு அண்ணா, என் கையால சாப்பிடணும்னு இப்பத்தான் தோணுச்சா?" என்பாள். எனக்கு என்று ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருந்தாள். நான் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்ததும் அதைப் போர்த்திவிடுவாள். அதற்குள் உட்கார்ந்துகொண்டு, இந்த வாரம் ஏன் இவ்வளவு கதகதப்பாக இருக்கிறது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூசும். ஆனாலும் அடுத்த வாரமும் போவேன்.

அடுத்த வெயில்காலத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பள்ளத்தாக்கில் கொக்கி போட்டுத் தொங்கவிட்ட பொறிகளில் எல்லாம் வரி ஈ விழுந்தது. பழம் பழுக்கும் முன்பே உதிர்ந்தது. துறை ஆணை போட்டது, பள்ளத்தாக்கில் ஒரு ஆரஞ்சு மரம் மிச்சம் இருக்கக் கூடாது என்று. பதினோராயிரம் மரம். மரம் அறுக்கிற சத்தம் ஐந்து வாரம் நிற்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளத்தாக்கு இதைவிடப் பெரியது, அங்கே இன்னும் ஈ போகவில்லை. நடுவில் மலைக்குளிர் தடுத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கத்து ஜனங்கள் அதை நம்பித்தான் நிம்மதியாக இருக்கிறார்கள்.

எங்கிருந்து பரவியது என்று கண்டுபிடிக்கிற பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தார்கள். என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லையே. பொறியில் விழுந்த ஈக்களின் எண்ணிக்கையையும் தேதியையும் வைத்துப் பின்னோக்கிப் போனால் ஆரம்பித்த இடம் கிடைக்கும். அந்த வரைபடத்தையும் நான்தான் போட்டேன். இதில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. புள்ளி மாப்பிள்ளை தோட்டத்தில் வந்து நின்றது. இன்னும் நுணுக்கமாகப் போட்டேன். மோட்டார் ரூமில் வந்து நின்றது. அறிக்கையில் தோட்டம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஊர்க் கூட்டம் பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்தது. மரம் போனவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இயக்குநர் மேடையில் இருந்தார், பக்கத்தில் நான். மாப்பிள்ளையை எழுப்பி, உங்கள் தோட்டத்தில் முதலில் பார்த்தது எப்போது என்று கேட்டார்கள். அவர் ஒளிக்கவே இல்லை.

"போன வருஷம் குளிருக்கு முன்னாடியே பாத்தேன் சார். பாத்த கையோட மச்சான்கிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது. இயக்குநர் என் பக்கம் குனிந்து, அப்படி ஏதாவது வந்ததா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். குரல் நடுங்கவில்லை.

"அப்படி எதுவும் என்னிடம் வரவில்லை. மாதிரிப் பதிவேட்டைப் பார்க்கலாம்," என்றேன்.

பதிவேட்டைப் பார்த்தார்கள். அதில் எப்படி இருக்கும்? பின்வரிசையிலிருந்து ஒருவர், "தான் தப்பிக்க மச்சான மாட்டிவிடப் பாக்கறான்," என்றார். இன்னொருவர் அதைவிட மோசமாக ஒன்று சொன்னார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏதோ ஒரு சமிக்ஞை கொடுப்பேன், அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது மாதிரி என் முகத்தையே தேடினார். அப்புறம் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் தங்கையை ஒரு தடவை பார்த்தார்.

"நான்தான் ஏதோ மறந்துட்டேன் போல இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். அதோடு அவர் கதை முடிந்தது. அன்றிலிருந்து ஊரில் அவரோடு யாரும் பேசுவதில்லை. கடையில் அவர் நின்றால் கடைக்காரர் பின்னால் நிற்பவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷர், அடிமரங்களுக்கு நடுவில் மோட்டார் ரூம் படியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறாராம். வீட்டில்கூட அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனா புருஷனா என்று என் தங்கையை நிறுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அந்த நல்ல மனசுதான் எனக்கு வசதியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மூன்று நாள் முன்னால் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. இடுப்பில் குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒரு மண்தொட்டியைத் தூக்கி வந்திருந்தாள். தொட்டியில் என் கையெழுத்தில் லேபிள் இருந்தது. தேதி, தொட்டி ஆறு, எண்ணிக்கை ஐந்து. எதற்கும் லேபிள் ஒட்டுவது என் பழக்கம் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"அண்ணா, குளிர அளக்கத்தான இந்தத் தொட்டின்னு சொன்னீங்க."

"ஆமா."

"அஞ்சுன்னு எழுதியிருக்கே. இதுல என்ன இருந்துச்சு?"

"மண்ணு," என்றேன்.

அவள் லேபிளை ஒரு தடவை விரலால் தடவினாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது, அது கிளம்பிப் போகிறவரைக்கும் நின்றாள். பிறகு, "மண்ணுன்னா சரி," என்று சொல்லிவிட்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். பேருந்து நிறுத்தம்வரை அதைத் தூக்கிக்கொண்டு நடந்து போவதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டியில் மண் இருந்தது என்பது பொய் இல்லை. மண்ணுக்குள் இருந்ததைச் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன், நிதானமாக எழுதுங்கள்.

மாப்பிள்ளை கொண்டுவந்த மூன்று பழத்திலிருந்த புழுக்களை நான் கொல்லவில்லை. டின்னில் மணல் போட்டு விட்டேன். எல்லாம் கூட்டுப்புழுவாயின. நாற்பது. எட்டுத் தொட்டியில் தொட்டிக்கு ஐந்தாக, இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்து, அவர் தோட்டத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். இந்த மாதிரிப் பூச்சியை உயிரோடு வைப்பதென்றால் இரட்டைக் கதவு போட்ட அறைக்குள்தான் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். ஆனால் அறைக்குள் வைத்தால் அந்தப் பள்ளத்தாக்கின் குளிர் அதற்குக் கிடைக்காதே. வரைபடம் சரியா என்று தெரிய வேண்டும் என்றால் மண்ணும் அந்த மண்ணாக இருக்க வேண்டும், குளிரும் அந்தக் குளிராக இருக்க வேண்டும்.

அவர் மரத்தை வெட்டி, எரித்து, வென்னீர் ஊற்றித் தன் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டார் மேடம். அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் வரி ஈ அநேகமாக இல்லை. அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தவன் நான். அதற்கு முள்வேலி கட்டிக்கொடுத்தவர் அவர்.

குளிர்காலம் முடியப்போகிற சமயம், ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். வலைக்குள் பத்தொன்பது ஈ உட்கார்ந்திருந்தன. முதுகில் மூன்று வரி, வெயிலில் பளிச்சென்று இருந்தது. அந்த நிமிஷம் ஒரு அண்டா வென்னீர் போதும். தங்கையிடம் கேட்டிருந்தால் எதற்கு என்றுகூடக் கேட்காமல் வைத்துக் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை. வருகிற வாரம் கடைசியாக ஒரு உறைபனி இருக்கும் என்று வானிலை அறிவிப்பில் சொல்லியிருந்தார்கள். குளிர்காலம் முடியாமல் சோதனையை முடித்தால் அது சோதனையே இல்லை. இன்னும் ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்போம் என்று வலையை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

உறைபனி வந்தது, மலைமேல் மட்டும். பள்ளத்தாக்கில் அடித்தது காற்று. நான் மறுவாரம் போனபோது வலை கிழிந்து முள்வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணைக் கிளறி எண்ணினேன். முப்பத்தொன்று காலிக் கூடு, ஒன்பது செத்தது. எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு, தங்கை போர்த்திவிட்ட சால்வையோடு உட்கார்ந்து காபி குடித்துவிட்டு ஊருக்கு வந்தேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு ஈயைப் பிடிக்க முடியாவிட்டாலும், நான்கு தோட்டத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நாலு மாதம் வாய் திறக்கவில்லை.

இது அந்த பிஸ்கட் டின். மேலே தேதி இருக்கிறது, மாப்பிள்ளை தோட்டம், மூன்று பழம் என்று இருக்கிறது, கையெழுத்து என்னுடையது. இது போதும் என்று நினைக்கிறேன், அவர் மறைக்கவில்லை என்பதற்கு. அவர் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னார். மறைத்தவன் நான், வளர்த்தவன் நான், பழியை அவர்மேல் போட்டவனும் நான். பதினோராயிரம் மரத்துக்கும் நான்தான் பொறுப்பு. என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு உதவி. அவரை விடுவிக்கும்போது, அந்தப் பள்ளிக்கூடத்து ஹாலிலேயே, எல்லோரும் கேட்கும்படி சொல்லி விடுவியுங்கள். அவர் எதையும் மறக்கவில்லை என்று சொல்லுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேதானே. ஒரு நிமிஷம், இந்த வரியில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். 'வரைபடம் தவறானது' என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளத்தாக்குக்குத் தவறு, ஒப்புக்கொள்கிறேன். மலைக்கு அது சரி. அங்கே உள்ள குளிரில் வரி ஈ பிழைக்கவே பிழைக்காது. என் பதினேழு வருஷ வேலையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான், அதையும் தவறு என்று சேர்த்து எழுதிவிட வேண்டாம். நான் வெறும் வாயால் சொல்லவில்லை. வெட்டிய தோட்டத்தில் பொறுக்கின கூட்டுப்புழு முப்பது இருந்தது, போன வாரம்தான் மலைமேல் வானிலை நிலையத்து ஆரஞ்சு மரத்தடியில் ஆறு தொட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கவலைப்படாதீர்கள் மேடம், இந்தத் தடவை வலையை இரட்டையாகப் போட்டிருக்கிறேன்.